கவிழ்ந்த தோரணம்

ஒரு கலியாணக் கார்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு யாரும் மூன்று பேராக வருவதில்லை. அன்று வந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் முன்னால், தகப்பன் பின்னால், மோட்டார் சைக்கிளை அணைக்காமல் வாசலிலேயே ஓர் இளைஞன். தாய்மாமன் அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்து, ஒரு கார்டை உருவி, என் பக்கமாகத் திருப்பி, அதன் கீழ்க்கரையில் விரலை ஊன்றினார்.

"இது என்ன தம்பி?"

"தோரணம், ஐயா."

"எந்த வீட்டுத் தோரணம்?"

கேள்வியே எனக்குப் பிடிபடவில்லை. தகப்பனின் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் குரலை உயர்த்தவில்லை.

"இது செத்த வீட்டுத் தோரணம்" என்றார்.

முந்நூறு கார்ட். பொன்நிறப் படலம் பதித்தது. கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. மட்டக்களப்பில் பதினாறு வருடமாக அச்சகம் வைத்திருக்கிறேன். கலியாணக் கார்ட், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள் நினைவு மலர் எல்லாம் ஒரே கணினியில், ஒரே நாற்காலியில் இருந்துதான் செய்கிறேன். காலையில் ஒருவரை மணமேடையில் ஏற்றி, பின்னேரம் இன்னொருவரை வழியனுப்பி வைக்கும் தொழில். ஆனாலும் இரண்டையும் ஒரே கார்டில் அடித்தது அதுவே முதல் தடவை.

பிழை எங்கே நடந்தது என்று அவர்கள் போன பிறகுதான் கண்டுபிடித்தேன். கார்டின் மேல்விளிம்பில் தோரணம் சரியாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்விளிம்புக்கும் ஏதாவது வேண்டுமே என்று, மேலே இருந்ததைப் பிரதி எடுத்துக் கவிழ்த்து வைத்திருந்தேன். கணினியில் அதற்கு ஒரு பொத்தான் போதும். மேலே ஒரு கரை, கீழே அதன் பிம்பம். நடுவில் பெண் மாப்பிள்ளை பெயர். நூறு கார்ட் இப்படிச் செய்திருக்கிறேன். கொடியைக் கவிழ்த்தால் கொடிதான். பூவைக் கவிழ்த்தாலும் பூதான். தோரணத்தைக் கவிழ்த்தால் பந்தல் இருக்கும், ஆனால் அதற்குள் ஆள் மாறிவிடுவார்.

புதுக் கார்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கம் போவது பெரிய காரியமில்லை. அதற்கு முன் வாவியைக் கடக்கப் 'பாதை'க்குக் காத்து நிற்க வேண்டும். வெளியூர்க்காரர் அந்தச் சொல்லைக் கேட்டால் ரோட்டைத் தேடுவார்கள். எங்களுக்குப் பாதை என்றால் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் நகரும் மிதவை.

தாய்மாமன் கார்டை வாங்கி முதலில் கீழ்க்கரையைப் பார்த்தார். அங்கே வெறும் கோடு. பிறகுதான் இருக்கச் சொன்னார். தேநீர் வந்தது. தோரணம் கட்டுவதைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். பதினாறு வருடமாக அதை வரைந்து விற்கிறவன் கேட்கிற கேள்வியா என்பது போலப் பார்த்துவிட்டு, பையனிடம் சொல்லி ஒரு குருத்தோலை வெட்டுவித்தார்.

அந்தக் குருத்து வெளிர்மஞ்சளாக, இன்னும் விரியாமல், கைவிசிறியை மடித்து வைத்தது போல இருந்தது. ஒரு கீற்றைக் கிழித்து ஈர்க்கை உரித்துப் போட்டார். நகத்தால் ஓரத்தில் ஒரு கீறல். கீறிய இழையை வெளியே மடித்து, உள்ளே நுழைத்து, நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். ஒரு கூர்மூக்கு நிமிர்ந்தது. "இது குருவி" என்றார். அடுத்த கீறல், அடுத்த குருவி. பேசிக்கொண்டே செய்தார், ஓலையைப் பார்க்கவேயில்லை. முடிந்ததும் தூக்கிப் பிடித்தார். ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு குருவிகள், நான்கும் தலையை மேலே வைத்திருந்தன.

"நல்லதற்கு நான்கு, தலை மேலே. கெட்டதற்கு மூன்று, தலை கீழே. கயிற்றில் எந்த முனையைக் கொளுவுகிறாய் என்று பார்த்துக் கொளுவு. உன்னுடைய படத்தில் எத்தனை?"

நான் கார்டைப் பார்த்தேன். ஐந்து.

ஐந்து வைத்ததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. ஒற்றை எண் கண்ணுக்கு இதம், நடுவில் ஒன்று நின்றால் பார்வை அங்கே தங்கும் என்று வடிவமைப்பு வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஐந்து எந்த வீட்டுக்கும் இல்லை" என்று சிரித்தார். அதனால் பாதகமில்லை என்றும் சொன்னார். எண்ணிக்கை பிழைத்தால் அது படம் வரைகிறவனின் அறியாமை. தலை கவிழ்ந்தால் செய்தி. இரண்டும் எனக்கு ஒரே மாதிரிப் பிழையாகத் தெரிந்தன, அவருக்கு அப்படி இல்லை. திரும்பி வரும்போது பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு யோசித்தது இதைத்தான்.

எங்கள் தொழிலில் இந்தச் சின்ன உருக்களுக்கு உருப்படியான பெயர் கிடையாது. கடையில் எல்லாமே 'டிசைன்'. நெசவுக்காரர் 'புட்டா' என்பார், அல்லது நேரே 'பூ' என்பார், அது யானையாக இருந்தாலும். கோயில் சிற்பிகளிடம்தான் நல்ல சொல் இருக்கிறது: கொடிக்கருக்கு. வாசல்நிலையில் ஏறி வளையும் அந்தக் கொடியை அவர்களும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் அதன் பிம்பம் என்றுதான் செதுக்குகிறார்கள். ஆக, கவிழ்ப்பதும் திருப்புவதும் கணினி கொண்டுவந்த கெட்ட பழக்கம் என்று சொல்லிவிட முடியாது. எதைத் திருப்பலாம், எதைத் தொடக்கூடாது என்பது சிற்பிக்குக் கையோடு வந்திருக்கிறது. எனக்கு வரவில்லை.

அன்றிரவு என்னுடைய கோப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சங்கு இருந்தது. கார்டின் இடமூலையில் ஒன்று, வலமூலையில் அதன் பிம்பம். சாதாரணச் சங்கு இடம்புரி. வலம்புரி அபூர்வம், அதனால்தான் பூசையறையில் வைக்கிறார்கள். என் கார்டுகளில் இடப்பக்கம் ஒரு ரகம், வலப்பக்கம் மற்ற ரகம். முத்துக்குளிப்புக் காலத்திலும் வலம்புரி இவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்காது. பிள்ளையாரும் இருந்தார். தும்பிக்கை இடப்பக்கம் வளைந்தவரை எழுத்துக்கு இடம் போதாமல் ஒருமுறை திருப்பியிருக்கிறேன். அவர் வலம்புரிப் பிள்ளையாராகி, கூடுதல் ஆசாரம் கேட்கும் தெய்வமாக அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். யாரும் எதுவும் சொல்லவில்லை. கவனிக்கவில்லையா, கவனித்தும் பொறுத்துக்கொண்டார்களா என்பது இனித் தெரியப்போவதில்லை.

மாங்காய் உருவை வைத்து இந்தப் பயத்தை ஆற்றிக்கொள்ளப் பார்த்தேன். சேலைக் கரையில், மருதாணியில், நகையில், கோலத்தில் என்று எங்கும் இருப்பது அதுதான். அதை எப்படித் திருப்பினாலும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஈரானிலும் காஷ்மீரிலும் அது செடியாகவும் பூங்கொத்தாகவும் இருந்தது. காஷ்மீர்ச் சால்வைகள் பிரித்தானியாவுக்குப் போய், 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி என்ற நெசவு ஊர் அவற்றைப் போலச் செய்து குவித்ததில், உருவுக்கு அந்த ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்று நான் கணினியில் 'மாங்காய்' என்று தேடினால் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்தான் வருகிறது. என் பாட்டியின் சேலைக்கரையைக் கண்டுபிடிக்க 'பெய்ஸ்லி' என்று கேட்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு ஊர் சுற்றிய உருவிடம் அர்த்தம் மெல்லியதாகத்தான் இருக்கும். அழகு மட்டும் மிச்சம். அது குறையும் இல்லை.

ஆனால் எல்லா உருவும் மாங்காய் இல்லை என்பதற்குக் கொழும்புக்குப் போகும் வழியிலேயே சான்று இருக்கிறது. அனுராதபுரத்துச் சந்திரவட்டக் கல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படிக்கட்டின் அடியில் அரைவட்டக் கல். அதில் யானை, குதிரை, சிங்கம், எருது என்று நான்கு விலங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். உள்ளே கொடி, அன்னங்கள், நடுவில் தாமரை. அதே கல்லைப் பிறகு பொலன்னறுவையில் செதுக்கியபோது எருதைக் காணோம். சோழர் ஆட்சிக்குப் பின் இந்துக்களுக்கு எருது புனிதமானது, அதை மிதித்துப் படியேறக் கூடாது என்று நீக்கிவிட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். எனக்கு அதில் பிடித்தது, எருதின் வடிவத்தில் யாருக்கும் குறை இருக்கவில்லை என்பது. கல் கிடந்த இடம்தான் பிரச்சினை. சுவரில் இருந்தால் தங்கியிருக்கும். காலடியில் இருந்ததால் போய்விட்டது.

எங்கள் பக்கத்து எருதுக்கு இப்படி அவமானம் எதுவும் வரவில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலில் கல் நந்தி புல் தின்றது, அதைக் கண்டு கோயிலை இடிக்க வந்த பறங்கியர் திரும்பிப் போனார்கள் என்பது படுவான்கரைக் குழந்தைக்கும் தெரிந்த கதை. இன்றுகூட அந்தப் பக்கத்து நோட்டீஸ்களில் நந்தியை வைத்தால், வாயருகே ஒரு பிடி புல்லும் வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். புல் இல்லாவிட்டால் அது வேறு எந்த ஊர் நந்தியாகவும் இருக்கலாம்.

மாடு என்றதும் குறி நினைவுக்கு வருகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பட்டிக்காரர்களின் மாட்டில் சூடு இழுத்த குறிகளைக் கவனித்திருக்கிறீர்களா? எழுத்தும் இருக்கும், உருவும் இருக்கும். பழைய முறையில் உரிமையாளரின் எழுத்து ஒன்று, அவருடைய குடியைக் காட்டும் குறி இன்னொன்று. குடி என்றால் குலம், எங்களுக்குத் தாய்வழி வருவது. தகப்பன் குடி வேறு, பிள்ளை குடி வேறு. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைகளில் பல பட்டிகள் கலந்து மேயும்போது, ஒரு தொடையைப் பார்த்து இது யார் மாடு, அவர் எந்தத் தாய்வழி என்று வாசித்துவிட முடியும். பதினாறு வருடமாக நிறுவனங்களுக்கும் கழகங்களுக்கும் இலச்சினை வரைந்து கொடுத்திருக்கிறேன். தூரத்தில் தெரிய வேண்டும், ஒரு நிறத்தில் நிற்க வேண்டும், சின்னதாக்கினாலும் அழியக் கூடாது என்று வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லுவேன். இந்த மூன்றையும் ஓடுகிற மாட்டின் மயிர்த்தோலில் சாதித்தவர்கள் என் பாடத்தைக் கேட்டதில்லை. குறியைத் திருப்பி இழுத்தால் என்ன ஆகும்? மாடு அடுத்தவனுடையதாகிவிடும்.

இந்த வரிசையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு பாய். காத்தான்குடியிலிருந்து ஒரு தாயார் மகளின் கலியாணக் கார்டுக்கு வந்திருந்தார். நடுத்தெருவில் பேரீச்சை மரம் வரிசையாக நிற்கிற ஊர் அது. ஒரு நகரம் தன் பிரதான வீதிக்கே அலங்கார உரு தேர்ந்தெடுத்து நட்டதை வேறெங்கே பார்க்க முடியும்? அவருக்கு நான் காட்டிய கார்டின் கரையில் கொடிகளுக்கு நடுவே குட்டிக் குருவிகள் இருந்தன.

"மகன், கரை நல்லது. பறவைகளை எடுத்துவிடு" என்றார்.

உயிருள்ளவற்றின் உருவம் வேண்டாம் என்பது எனக்குப் பழகிய கோரிக்கைதான். எடுத்தேன். எடுத்த இடமெல்லாம் ஓட்டை. அங்கே ஒரு வட்டம் வைக்கலாமா என்று கேட்டேன். அவர் கார்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தான் பன் என்ற புல்லில் பாய் இழைப்பவர் என்றார். பிறகு என் மேசையில் கிடந்த வெட்டுத்தாள் கீற்றுகளை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக நுழைத்துக் காட்டத் தொடங்கினார். ஒன்றைத் தாண்டி, இரண்டின் கீழே. அடுத்த வரியில் ஓர் இழை தள்ளித் தொடக்கம். தள்ளித் தள்ளிப் போகப்போக ஒரு சாய்வரி தானாக எழுந்தது. திசையை மாற்றினார், வரி மடிந்து கூம்பானது. இன்னும் மாற்ற, கட்டம் மூடி ஒரு வைரம் ஆனது. சாயம் தோய்த்த பன் என்றால் அது சிவப்பு வைரம், சுற்றிக் கறுப்பு.

"பாயில் வட்டம் வராது மகன். படி படியாகத்தான் வரும். வட்டம் வைத்தால் வேறு யாரோ செய்தது போல இருக்கும்."

ஓட்டைகளில் எல்லாம் சின்ன வைரங்களை வைத்தேன். கார்ட் ஒன்றானது. அவர் சொன்னதன் பெறுமதி எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பாயில் இருக்கும் உரு யாரோ வரைந்து பாயில் ஏற்றியது அல்ல. மேலும் கீழும் போகிற இழையின் கணக்கே அங்கே உருவாகிறது. மருதமுனையில் தறி வைத்திருப்பவர்களும் இதையே வேறு சொல்லில் சொல்வார்கள்: நூலை எண்ணாமல் பூ இல்லை. என் கணினியில் எதையும் எண்ண வேண்டியதில்லை. வட்டம், சதுரம், யானை எல்லாம் ஒரே சுலபத்தில் வருகின்றன. அதனால்தான் எதுவும் எதையும் தடுப்பதில்லை.

இன்னொன்றும் அப்போது தோன்றியது. தாய்மாமனின் தோரணத்தில் நான்கு குருவிகள் இருந்தனவே, அவற்றை இந்தத் தாயார் எடுக்கச் சொல்லியிருக்க மாட்டார். கண்ணும் இல்லை, சிறகும் இல்லை. பெயரில் மட்டும் குருவி. ஓலை மடிய முடிந்த அளவுக்குத்தான் அது பறவையானது. நான் கார்டுக்காக வரைந்தபோது அந்தக் கூர்மூக்குகளுக்கு ஒரு கண்ணும் வைத்திருந்தேன், பார்ப்பவருக்கு விளங்கட்டும் என்று.

1908இல் ஆனந்த குமாரசுவாமி கண்டிப் பகுதிக் கைவினைஞர்களின் அலங்கார உருக்களை, அவர்கள் அவற்றை அழைத்த பெயர்களோடு பெரிய நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் இருந்துகொண்டு அச்சு வேலையையும் தானே முன்னின்று நடத்தினார். கொழும்பில் பிறந்த, தமிழ்த் தகப்பனின் பிள்ளை. அச்சுக்காரன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. உருவோடு பெயரையும், பெயரோடு அது இருக்க வேண்டிய இடத்தையும் எழுதி வைத்துவிட்டார். என்னுடைய கோப்புறையில் 'டிசைன் புதிது', 'டிசைன் புதிது 2', 'கரை கடைசி', 'கரை கடைசி உண்மையாக' என்று கிடக்கிறது.

மட்டக்களப்பு என்றால் எல்லோரும் கேட்கும் உரு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் ஊர்க்காரர் கோபிப்பார்கள். மீன்பாடும் தேனாடு. விளையாட்டுக் கழகம், தையல் கடை, கணினி வகுப்பு எதுவானாலும் மீன் வேண்டும், முடிந்தால் இடுப்புக்குமேல் பெண்ணாக, கையில் வீணையோடு. நான் வரைந்த மீன்மகள்களை எல்லாம் சேர்த்துவிட்டால் வாவி கொள்ளாது. பகிடி என்னவென்றால், 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானியக் குடியேற்றநாட்டுச் செயலாளர் இரவில் வாவியில் தோணியில் போய் அந்த ஓசையைக் கேட்டார். மீனவர்கள் அவருக்குச் சொன்னது மீனின் பெயரை அல்ல, ஊரியின் பெயரை. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய ஆட்கள் இன்றும் 'ஊரி பாடுகிறது' என்பார்கள். சேற்றில் கிடக்கிற நத்தை வகை. ஒருவராவது ஊரியை இலச்சினையில் வைக்கச் சொல்லிக் கேட்டதில்லை. நான் ஒருமுறை ஒரு கழகத்துக்கு வரைந்து காட்டினேன். காது மாதிரி இருக்கிறது என்று திருப்பித் தந்தார்கள். உண்மையில் காது மாதிரித்தான் இருந்தது. எனக்கு அதுவே பொருத்தமாகப் பட்டது. அவர்களுக்கு மீனே போதும்.

இப்போது கணினியில் தோரணத்துக்கு இரண்டு கோப்புகள் வைத்திருக்கிறேன். இரண்டிலும் குருவிக்குக் கண் இல்லை. ஒன்றில் நான்கு, மற்றதில் மூன்று. கடையில் வேலை பார்க்கும் பையன் இரண்டையும் அருகருகே திறந்து, "அண்ணன், இது ஒன்றைத் திருப்பி ஒன்றைக் குறைத்ததுதானே, எதற்கு இரண்டு கோப்பு? இடம் வீண்" என்றான். கணக்கு சரி. பதில் சொல்ல எனக்கு ஒரு குருத்தோலை தேவைப்பட்டது, கடையில் இருக்கவில்லை.

அந்த முந்நூறு கார்டையும் வீசவில்லை. நல்ல தடிப்பு, பின்புறம் வெள்ளை. வெட்டும் இயந்திரத்தில் வைத்து நான்காக வெட்டி, குறிப்பெழுதும் சீட்டாக மேசையில் அடுக்கியிருக்கிறேன். விலை, தொலைபேசி இலக்கம், புரூஃப் பார்க்க வர வேண்டிய நாள் எல்லாம் அதில்தான் எழுதிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு வயதான அம்மா, பேத்தியின் பூப்புனித நீராட்டு விழாவுக்குக் கார்ட் விலை கேட்டு வந்தார். நூற்றைம்பதுக்கு இவ்வளவு, இருநூறுக்கு இவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டினேன். வாங்கினார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து தொகையைப் படித்தார். பிறகு சீட்டைத் திருப்பினார். கால்வாசிக் கார்டில் தோரணத்தின் ஒரு துண்டுதான் இருந்தது. இரண்டு குருவியும் பொன்நிறக் கோடும்.

சீட்டை மேசைமேல் வைத்து, விரலால் என் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

"வேறு தாளில் எழுதித் தாருங்கள் தம்பி."

நாட்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன். அதையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைப்பையில் வைத்தார்.